அருள்மணியின் வயிறும் எல்கடுவை பஸ்ஸும்

மாத்தளையிலிருந்து உக்குவளை வழியாக எல்கடுவைக்கு ஏறுகிற காலை பஸ் ஒரு நாள் பாதி வழியில், ஆள் ஏறி இறங்குகிற ஒரு ஹோல்டில் நின்றது. நின்றது நின்றதுதான். இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிட்டார்கள், ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள். சாரதி சசிக்குமார் கியரைப் போட்டுவிட்டு மணிச்சத்தத்துக்காகக் காத்திருந்தான். மணி அடிக்கவில்லை. யாராவது கிழவி மூட்டையோடு வருகிறாளாக்கும் என்று கொஞ்சம் பொறுத்தான். பிறகு கண்ணாடியில் பார்த்தான்.

கண்டக்டர் அருள்மணி முன்வாசல் கம்பியில் சாய்ந்து, ஒரு கையில் டிக்கட் மெஷினும் மறு கையில் மணிக்கயிறுமாக, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். லேசான தூக்கம் இல்லை. குறட்டை வந்தது. எஞ்சின் சத்தத்தையும் மீறி வந்தது.

"அருள் அண்ணே!" என்று சசிக்குமார் கத்தினான்.

"ரைட், போலாம் போலாம்!" என்று அருள்மணி கண்ணைத் திறக்காமலே மணியை அடித்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அருள்மணிதான்.

அவர் அப்படித்தான். நாற்பத்து நான்கு வயது. இருபது வருஷத்துக்கு மேலாக அதே ரோட்டில் கண்டக்டர். ஆரம்பத்தில் வாசல் கம்பியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில் குதித்து ஏறுகிற ஒல்லிப் பையன். பிறகு பஸ் நின்ற இடமெல்லாம் அவருக்குச் சாப்பாடு இருந்தது. மாத்தளை ஸ்டாண்டில் மீன் வைத்த ஒரு மாலு பணிஸ், உக்குவளையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், எல்கடுவையில் கடைக்காரர் அன்பாக எடுத்துவைத்திருக்கிற ரோல்ஸ். தோட்டத்துப் பெண்கள் கல்யாணப் பலகாரம், கோயில் பிரசாதம், கிறிஸ்மஸுக்கு நத்தார் கேக் என்று கொண்டுவந்து கையில் திணிப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. ஒல்லிப் பையன் இப்போது நூற்று நாற்பது கிலோவைத் தாண்டியிருந்தார். பஸ்ஸின் நடுவழியில் அவரால் போக முடியாது. அதனால் அவர் முன்வாசலிலேயே நிற்பார். பின் சீட்டுக்காரர்களின் காசு கைமாறிக் கைமாறி முன்னால் வரும், டிக்கட்டும் மிச்சமும் அதே வழியில் திரும்பிப் போகும். ஒரு சதம் குறைந்தது கிடையாது. அந்த பஸ்ஸின் வழக்கமே அதுவாகிவிட்டது.

அன்று எல்கடுவையில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு, சசிக்குமார் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் வயதில் சின்னவன். எப்போதும் அவரைக் கேலி பண்ணுகிறவன். அன்று கேலி பண்ணவில்லை.

"அண்ணே, இன்னைக்கு நீங்க கம்பிப் பக்கமா சாஞ்சிருந்தீங்க. வாசல் பக்கமா சாஞ்சிருந்தா?"

"சரிடா, ராத்திரி சரியா தூக்கமில்ல."

"இது ஒரு நாள் கதையா? இந்த மாசத்தில மட்டும் எத்தனை தரம் நான் பார்த்தேன். வளைவுல திருப்பறப்போ ரோட்டப் பாக்கிறதா, உங்களப் பாக்கிறதா, சொல்லுங்க."

அருள்மணி பிளேன்டீயைப் பாதியிலேயே கீழே வைத்தார். அது அவருக்கு வழக்கமில்லாத ஒன்று.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுக் கண்டிக்குப் போனார். கிளினிக்கில் இருந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார். இரத்தம் எடுத்தார்கள், நிறுத்துப் பார்த்தார்கள், ஒரு ராத்திரி அங்கேயே படுக்கவைத்து மூச்சைச் சோதித்தார்கள். சீனி வியாதி இருப்பது அவருக்கு முன்பே தெரியும். தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதனால்தான் எவ்வளவு படுத்தாலும் தூக்கம் தீராமல் பகலில் கண் சொருகுகிறதாம்.

"நீங்க சோம்பேறி இல்ல, அருள்மணி" என்றார் டொக்டர். "உங்க உடம்பு தூங்கவே இல்ல. அதுதான்."

அருள்மணி டொக்டரை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேர் அவரிடம் எடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். வாசலில் நிற்காமல் உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். பிறகு டொக்டர் ஒரு காகிதத்தில் இரைப்பையை வரைந்து காட்டினார். ஒபரேசன் செய்தால் அதில் முக்கால்வாசியை எடுத்துவிடுவார்கள். வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய்தான் மிஞ்சும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், பசியும் குறையும். அவர் எடைக்கும் சீனிக்கும் அது பொருத்தம்தான். ஆனால் அதுவும் ஆபத்தே இல்லாத ஒபரேசன் இல்லை. காலம் முழுக்க விட்டமின் குளிசை போட வேண்டும். பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் எடையும் திரும்பும். இல்லாவிட்டால், சாப்பாட்டை மாற்றி, நடந்து, மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம். எதை எடுத்தாலும் நடப்பதும் சாப்பாடும் மாறத்தான் வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அவசரப்படாம வீட்டில பேசுங்க" என்றார்.

வீட்டில் பேசினார். அவர் மனைவி ஜூலியட் உக்குவளையிலும் எல்கடுவையிலுமாக நாலு சாப்பாட்டுக் கடைகளுக்கு விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவள். அவள் கைத் தேங்காய்ப்பால் சொதிக்காகவே ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கையிலிருந்த இடியப்ப உரலைக் கீழே வைத்தாள்.

"என் கையால சாப்பிட்ட வயிறுங்க அது. அத வெட்டி வாளியில போடப் போறாங்களா?"

"எல்லாத்தையும் இல்ல ஜூலி. முக்கால்வாசி."

"மிச்சம் கால்வாசிக்கு நான் என்னத்தச் சமைக்கிறது?"

அவள் அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அவித்த இடியப்பத்தில் ஒன்றைக்கூட அவள் வாயில் வைக்கவில்லை. அருள்மணிக்கு அவள் மனசு புரிந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். பிள்ளை இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசுவதுதான் அந்த வீட்டின் சந்தோஷம். அதை யாராவது அறுத்துவிடுவார்களோ என்று அவள் பயந்தாள். சொல்லப்போனால் அவருக்கும் அந்தப் பயம் இருந்தது.

விஷயம் பஸ்ஸுக்கு வந்ததும் அது வீட்டு விஷயமாக இருக்கவில்லை. காலை பஸ்ஸில் கூட்டம் குறைவு. அதில் வழக்கமாகப் போகிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அவர்களில் இரண்டு பேருக்கு எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. ஒருவர் நடராஜா ஐயா, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் முனவ்வரா. சாரிகளும் சட்டைத்துணிகளும் கட்டிய மூட்டையோடு தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவர். அவரை பஸ்ஸில் எல்லாரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு அவர் மூத்த அக்கா மாதிரி.

"கத்தி எதுக்கு? வாயக் கட்டினா போதும்" என்றார் நடராஜா ஐயா. "நானெல்லாம் இந்த வயசிலயும் ஒரு வேளை சோறுதான்."

"உங்களுக்கு ஒரு வேளைக்கு மேல தர வீட்டில ஆள் இல்ல" என்றார் முனவ்வரா.

பஸ் சிரித்தது. முனவ்வரா அருள்மணி பக்கம் திரும்பினார். "தம்பி, இங்க பேசிப் பிரயோசனம் இல்ல. என்ட தம்பி இத்ரூஸ் இந்த ஒபரேசன் செஞ்சு மூணு வருஷம். மாத்தளையில ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கான். போய் அவனக் கேளுங்க. நல்லதையும் சொல்லுவான், கெட்டதையும் சொல்லுவான்."

இத்ரூஸின் கடைக்கு அருள்மணி பௌர்ணமி லீவான ஒரு போயா நாளில் போனார், ஜூலியட்டையும் கூட்டிக்கொண்டு. பெயின்ட் டின்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்து, "இத்ரூஸ் நானா இருக்காரா?" என்று அவரிடமே கேட்டார். அந்தப் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான்தான்" என்று சிரித்த இத்ரூஸ், தன் பழைய படத்தை போனில் காட்டினார். அருள்மணி அதையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், எனக்குச் சரி வந்திச்சு" என்றார் இத்ரூஸ். "ஆனா லேசுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. முதல் மாசம் சூப்பும் தண்ணியும்தான். கோழி வாசம் அடிச்சா அழுகை வரும். அப்புறம் தலைமுடி கொட்டிச்சு, பிறகு முளைச்சிச்சு. பெருநாளைக்கு இனிப்பு வட்டிலப்பம் ஒரு கரண்டி கூடப் போயிட்டா, வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, படுத்திடுவேன். சாப்பிடும்போது தண்ணி குடிக்க ஏலாது. குளிசைய விட ஏலாது."

"அப்ப ஏன் நானா செஞ்சீங்க?" என்று கேட்டாள் ஜூலியட்.

இத்ரூஸ் போனை மேசையில் வைத்தார். "தொழுகையில சுஜூதுக்கு நெத்திய நிலத்தில வச்சா எழும்ப முடியல, தங்கச்சி. கதிரையில உட்கார்ந்து தொழுதேன். பள்ளியில எல்லாரும் ஒரு வரிசையில நிக்க, நான் மட்டும் ஓரத்தில. இப்ப வரிசையில நிக்கிறேன். அதுக்காக இன்னொரு தரம் செய்யச் சொன்னாலும் செய்வேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது ஜூலியட் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நல்ல மனுசன்" என்றாள். "ஆனாலும் முதல்ல வெட்டாம ஒரு வருஷம் பாருங்களேன். எனக்காக."

அருள்மணி சரி என்றார். டொக்டரும் சரி என்றார். ஒபரேசன் வரிசையிலும் பெயர் இருக்கட்டும், வரிசை நீளம்தானே என்றார்.

எல்கடுவைக்கு ஏறுகிற ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். ஒரு தோட்டத்துக்குக் கீழே ரோடு மூன்று பெரிய வளைவு எடுக்கிறது. ஆனால் கொழுந்தெடுக்கிறவர்களுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. தேயிலை நிரைக்கு நடுவே கல்லும் படியுமாக ஒரு குறுக்குப் பாதை கீழ் வளைவில் தொடங்கி மேல் வளைவில் போய்ச் சேரும். ஒரு நாள் அந்தக் கீழ் வளைவில் அருள்மணி மணியை அடித்து பஸ்ஸை நிறுத்தினார்.

"என்ன அண்ணே, யாரு இறங்கிறது?"

"நான்தான்டா. நீ சுத்தி வா. நான் குறுக்கால ஏறி வாறேன்."

"மேல வந்து நான் எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"வாற வரைக்கும் நில்லு."

முதல் நாள் பஸ் மேலே போய் நின்றது. சசிக்குமார் எஞ்சினை நிறுத்திவிட்டான். பயணிகள் ஜன்னலால் எட்டிக் கீழே பார்த்தார்கள். தேயிலைக்கு நடுவே அருள்மணியின் காக்கிச் சட்டை நாலடி நகரும், நிற்கும். நாலடி நகரும், நிற்கும். "ஐயோ, இந்த மனுசன் இன்னைக்கு வந்து சேருவாரா?" என்று ஒரு பெண் கேட்டாள். யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "கண்டக்டரே, டிக்கட் எடுத்தீங்களா?" என்று கத்தினார்கள். அருள்மணி மேலே வந்து சேர்ந்தபோது சட்டை பிழியலாம்போல நனைந்திருந்தது. பேச மூச்சில்லை. கையை மட்டும் உயர்த்தி, வாகனத்தை எடுக்கச் சொல்லிக் காட்டினார்.

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. அவர் இறங்கியதும் மணியை யார் அடிப்பது என்று பிரச்சினை வந்தது. நடராஜா ஐயா எழுந்து வந்து கயிற்றைப் பிடித்தார். ஸ்டோரில் முப்பது வருஷம் சங்கு ஊதியதைக் கேட்ட மனிதர்; மணியை அவ்வளவு மிடுக்காக அடிப்பார். முனவ்வரா சில நாள் மூட்டையை பஸ்ஸில் விட்டுவிட்டு அவரோடு சேர்ந்து ஏறினார். "துணி விக்கிற எனக்கும் முழங்கால் இருக்கு தம்பி" என்பார். மழை நாளில் அட்டை கடிக்கும். காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டு ஏறினார்கள். சில மாதத்தில் பஸ் நின்று காத்திருக்கிற நேரம் குறைந்தது. ஒரு நாள் பஸ் மேல் வளைவுக்கு வந்தபோது அருள்மணி அங்கே ஒரு கல்லில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா இவ்வளவு லேட்டு?" என்று சசிக்குமாரைக் கேட்டார்.

அன்று பஸ்ஸில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் பின் சீட்டிலிருந்த ஒரு சேவல் கூடையை விட்டு வெளியே வந்துவிட்டது. அதைப் பிடிக்கவே உக்குவளைக்காரர் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

வீட்டிலும் ஜூலியட் சும்மா இருக்கவில்லை. குரக்கன் என்கிற கேழ்வரகு மாவில் இடியப்பம் அவித்தாள். தேங்காய்ப்பால் குறைத்தாள். வல்லாரைச் சம்பல், முருங்கைக் கீரை, அவித்த பயறு என்று மாற்றினாள். எல்கடுவைக் கடைக்காரருக்கே ஆள் அனுப்பி, "அவருக்கு ரோல்ஸ் குடுத்தா நான் உங்க கடைக்கு இடியப்பம் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அருள்மணியின் எடை குறைந்தது. மெஷின் மாட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கினார். பகலில் கண் சொருகவில்லை.

நூற்று இருபத்தெட்டில் முள் நின்றது.

நின்றது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சோற்றைக் குறைத்தார். குறுக்குப் பாதையில் இறங்கும்போதும் நடந்தார். நத்தார் வந்தது, புதுவருஷம் வந்தது. இரண்டு கேக் துண்டும் ஒரு கல்யாண வீடும் சேர்ந்து மூன்று கிலோவைத் திருப்பிக் கொண்டுவந்தன. கிளினிக்கில் சீனி இன்னும் கூடுதல் என்றார்கள்.

"நான் ஏமாத்தல டொக்டர்" என்றார் அருள்மணி. 

"தெரியும். உடம்பு தன்ட பழைய எடைய ஞாபகம் வச்சு அங்கயே இழுக்குது. நிறையப் பேருக்கு அப்படித்தான். அது உங்க தப்பில்ல."

"அப்ப இவ்வளவு காலம் ஏறினது எல்லாம் வீணா?"

"வீணா? போன வருஷம் உங்களுக்கு மயக்க மருந்து குடுக்க எனக்குப் பயம். இப்ப உங்க நெஞ்சும் மூச்சும் நல்லா இருக்கு. ஏறினதுதான் காரணம்."

வீட்டுக்கு வந்ததும் ஜூலியட்டிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தட்டில் அவள் வைத்ததைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளே ஆரம்பித்தாள்.

"ஒபரேசனுக்குப் போங்க."

அவர் நிமிர்ந்தார்.

"ஒரு வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோட சண்டை போட்டுக்கிட்டே சாப்பிடுறீங்க. இன்னொண்ணு எடுக்கலாமா, வேணாமா, எடுக்கலாமா, வேணாமா. எங்கூடப் பேசறப்பவும் கண்ணு சட்டியிலதான். அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? சாப்பாட்ட நினைக்காம எங்கூட ஒரு வேளை உட்காருங்க. அது போதும் எனக்கு." பிறகு விரலை நீட்டிச் சொன்னாள்: "ஆனா அந்தக் குறுக்குப் பாதைய விடக்கூடாது."

பஸ்ஸில் சொன்னபோது நடராஜா ஐயாவுக்குத்தான் தாங்கவில்லை.

"அப்ப ஒரு வருஷமா நான் மணி அடிச்சது எதுக்கு?" என்று எழுந்து நின்று கேட்டார்.

"மணி அடிச்ச மனுசனுக்கே இவ்வளவு கோவம்னா" என்றார் முனவ்வரா, "மலை ஏறின மனுசனுக்கு எவ்வளவு இருக்கணும்? உட்காருங்க ஐயா."

அவர் உட்கார்ந்தார். அடுத்த ஹோல்ட் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது அருள்மணியின் தோளில் கை வைத்து, "திரும்பி வாற வரைக்கும் மணி நான்தான். புதுக் கண்டக்டர்கிட்ட சொல்லிட்டுப் போ" என்றார்.

கொழும்பில் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒபரேசன். அதற்கு முன்னால் சத்திரசிகிச்சை டொக்டர் இருவரையும் உட்காரவைத்து, சந்தேகம் இருந்தால் கேட்கச் சொன்னார். ஜூலியட் கேட்டாள்.

"எத்தனை இடியப்பம் சாப்பிடலாம் டொக்டர்?"

"முதல்ல ஒண்ணுமே இல்ல. சில மாசம் போனா ஒண்ணு. பிறகு ஒண்ணரை வரலாம்."

"ஒண்ணரை இடியப்பத்துக்கு எப்படிங்க சொதி வைக்கிறது?"

டொக்டர் சிரித்தார், பக்கத்தில் நின்ற தாதியும் சிரித்தாள். ஜூலியட் சிரிக்கவில்லை, அவள் நிஜமாகவே கேட்டாள்.

ஒபரேசன் நல்லபடி முடிந்தது. வயிற்றில் சின்னச் சின்னதாக ஐந்து தையல். வீட்டுக்கு வந்த முதல் மாதங்களில் இத்ரூஸ் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. வடிகட்டிய சூப்பைக் கரண்டி கரண்டியாகக் குடித்தார். அப்புறம் தலைமுடி சீப்போடு வந்தது. முனவ்வரா ஒரு தொப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் ஒன்று மட்டும் இத்ரூஸ் சொல்லாதது. ஒரு காலை அருள்மணி கட்டிலில் உட்கார்ந்துகொண்டு ஜூலியட்டைக் கூப்பிட்டார்.

"ஜூலி, இங்க வா. வயித்துக்குள்ள ஒரு ரேடியோ ஓடிக்கிட்டே இருந்திச்சு. தின்னு, தின்னுன்னு. யாரோ நிறுத்திட்டாங்க. சத்தமே இல்ல."

ஜூலியட் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வயிற்றில் காதை வைத்தாள். "ஆமாங்க" என்றாள், ஏதோ கேட்டதுபோல.

கரைத்த சாப்பாடு தொடங்கின அன்று அவள் கடைக்குப் போய் ஒரு சின்னச் சட்டி வாங்கிவந்தாள். குழந்தைகள் விளையாடுகிற சட்டி மாதிரி இருந்தது. அதில் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தவள் திடீரென்று விம்மி அழுதாள். அருள்மணி பதறிப் போய்ப் பக்கத்தில் நின்றார். அவள் சட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு அழுகையோடேயே சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஆம்பளைக்கு இந்தச் சட்டி!" என்றாள். இருவரும் அடுப்படியில் நின்று தையல் நோகிற அளவுக்குச் சிரித்தார்கள். "சிரிக்க வைக்காத, சிரிக்க வைக்காத" என்று அருள்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் தேக்கரண்டியால் எடுத்துச் சாப்பிட அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரமும் அவர் அவளைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

வேலைக்குத் திரும்பிய புதிதில் ஒரு பிழை விட்டார். எல்கடுவையில் பஸ் புறப்படுகிற அவசரத்தில் பாதி ரோல்ஸை மெல்லாமல் விழுங்கிவிட்டார். அடுத்த நிமிஷம் பஸ்ஸின் பின்னால் போய்க் குனிந்து நின்றார். சசிக்குமார் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, "அக்காகிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டான்.

"சொன்னா உன்னோட பேச மாட்டேன்."

"அப்ப மென்னு சாப்பிடுங்க."

மென்று சாப்பிடக் கற்றுக்கொண்டார். குறுக்குப் பாதையை விடவில்லை. முள் இறங்கிக்கொண்டே போய், தொண்ணூற்றுச் சொச்சத்தில் வந்து தரித்தது. சீனிக் குளிசையில் ஒன்றை டொக்டர் நிறுத்தினார், மற்றதைப் பாதியாக்கினார். தூங்குகிற மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேறு யாராவது மூச்சு வாங்குகிறவர்கள் பஸ்ஸில் ஏறி, "எது நல்லது அண்ணே, ஒபரேசனா, நடக்கிறதா?" என்று கேட்டால், அருள்மணி அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கதையும் சொல்வார். கடைசியில், "உங்க டொக்டரக் கேளுங்க. அப்புறம் வீட்டிலயும் கேளுங்க" என்பார். எது நல்லது என்று மட்டும் சொல்ல மாட்டார்.

போன ஆவணியில் சசிக்குமாருக்குக் கல்யாணம். பெண் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிப்போக வேறு பஸ் எதற்கு? அதே பஸ்ஸை மாவிலை கட்டி எடுத்தார்கள். ஓட்ட மட்டும் வேறு சாரதி. சசிக்குமார் வேட்டி கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் அந்த சாரதிக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தான். நடுவழியில் மத்தளமும் தபேலாவும் கிளம்பிவிட்டன. யாரோ பைலா பாடத் தொடங்கினார்கள். அருள்மணி ஜூலியட்டின் கையைப் பிடித்து எழுப்பினார்.

"விடுங்க, எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

ஆடுகிற பஸ்ஸில் இருவரும் ஆடினார்கள். முனவ்வரா கை தட்டினார். நடராஜா ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் எழுந்தவர், வளைவில் தடுமாறி இத்ரூஸின் மடியில் போய் உட்கார்ந்தார்.

கல்யாண வீட்டில் இலை போட்டார்கள். அருள்மணிக்கு இரண்டு கரண்டி சோறு, கொஞ்சம் கறி, ஒரு வடையில் கால்வாசி. அவ்வளவோடு போதும் என்று கையால் மறித்தார். மிச்ச முக்கால் வடையை ஜூலியட்டின் இலைக்குத் தள்ளினார். அவள் அதை எடுத்துக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"உங்க பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டு என் சட்டையெல்லாம் இறுக்குது, தெரியுமா?"

"அப்ப நாளைக்கு நீயும் பஸ்ஸில வா" என்றார் அருள்மணி. "கீழ் வளைவில இறங்கலாம்."

"இடியப்பத்த யார் அவிக்கிறது?"

"அவிச்சு முடிச்சிட்டு வா. நான் பஸ்ஸ நிறுத்தி வைக்கிறேன்."

ஜூலியட் பாயாசத்தை எட்டிப் பார்த்தாள். "நாளன்னைக்கு வாறேன்" என்று சொல்லிவிட்டு, கோப்பையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.